துப்பாக்கியின் குதிரையும் மலேசியச் சட்டமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

துப்பாக்கியில் விரலால் இழுக்கப்படும் உறுப்பை 'விசை' என்றெழுதுவது இன்றைய வழக்கு. முந்தைய தலைமுறையினர் அதனைக் 'குதிரை' என்றனர். தலைதூக்கி நின்று, விசையை இழுத்ததும் பாய்ந்து விழும் சுத்தியலுக்கே இப்பெயர் முதலில் அமைந்திருத்தல் வேண்டும். அதே உறுப்பு டச்சுக்காரர் கண்ணுக்குச் சேவலாகத் தோன்றியது. கொத்தும் சேவல் என்னும் பொருள்பட அவர்கள் வழங்கிய 'ஸ்நாப்ஹான்' என்பதே மலாய் மொழியில் 'செனாப்பாங்' ஆயிற்று. போர்த்துகீசியரின் 'எஸ்பிங்கார்டா' 'இஸ்திங்கார்' எனத் திரிந்தது. குதிரையோ சேவலோ, பெயர் சூட்டியவர்களின் கவனம் குழலின்மேல் அன்று, அசையும் உறுப்பின்மேலேயே இருந்தது.

குழல் நெடுநாள் உழைக்கும். விரைவில் பழமையடைவது பூட்டும் விசையுமே. 19ஆம் நூற்றாண்டில் சிக்கிமுக்கிக் கல் பூட்டுடைய பழைய துப்பாக்கிகள் பல, குழல் மாறாமலேயே 'கேப்பு' வைத்துச் சுடும் பூட்டுக்கு மாற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் மாசர் முதலிய இராணுவத் துப்பாக்கிகள் அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் மலிவாக வந்து சேர்ந்தபோது இவ்வழக்கம் புத்துயிர் பெற்றது. போர்வீரன் பதற்றத்தில் தவறிச் சுட்டுவிடக்கூடாது என்பதற்காக அவற்றின் விசை கனமாகவும் இரு கட்டங்களில் நகர்வதாகவும் அமைக்கப்பட்டிருந்தது. வேட்டைக்காரனின் தேவை வேறு. விசை கனத்தால், அதை இழுக்கும் முயற்சியிலேயே துப்பாக்கியின் குறி நகர்ந்துவிடும். 1946இல் தொடங்கிய டிம்னி போன்ற நிறுவனங்கள் மாற்று விசைகளைச் செய்து விற்றது இத்தேவையை நிறைவு செய்யவே. வேட்டைக்கு மூன்று, நான்கு பவுண்டு இழுவிசை போதுமெனக் கொள்வர். அதனினும் இலேசாக்குவது புதர்க்காட்டில் நடப்பவனுக்கு ஆபத்தாகலாம். மாற்றிப் பொருத்தியபின், குண்டில்லாத துப்பாக்கியின் தாழை வேகமாக அடைத்துப் பார்ப்பர். பூட்டு தானே விடுபட்டால் அப்பொருத்தம் ஆகாது.

அமெரிக்காவில் வீட்டு மேசையில் முடிந்துவிடும் இச்சிறு வேலை மலேசியாவில் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்பதில் அதன் எந்தவோர் உறுப்பையும் சேர்த்தே வரையறுக்கிறது. எனவே, விரல் நீளமுள்ள ஒரு விசைத் தொகுதியும் ஆயுதமே என்று படிக்க இடமுண்டு. இச்சொல்லமைப்பு மலாயாவில் பிறந்ததன்று. 1937ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்திலேயே இதைக் காணலாம். எனினும் இங்கே இச்சொற்களுக்கு ஏறிய கனம் வேறு மூலத்தையுடையது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

அம்மூலம் 1948 ஜூன் திங்களில் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலமாகும். அதன் விதிகளின்கீழ், அனுமதியின்றி ஆயுதம் தாங்குவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அதனைக் கண்டெடுத்துக் காவல் துறையிடம் ஒப்படைக்கச் சென்றதாக அவர் கூறியது ஏற்கப்படவில்லை. இந்திய அரசு தலையிட்டும் பயனின்றி, அவ்வாண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கணபதியின் அரசியலைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவர்மேல் சாட்டப்பட்ட குற்றத்தைக் கவனித்தல் தகும்: சுட்டது அன்று, வைத்திருந்தது. குதிரையை அவர் தொட்டாரா என்னும் வினாவே அவ்வழக்கிற்குத் தேவைப்படவில்லை. (நம் பள்ளி வரலாற்று வகுப்புகளில் இப்பெயர் எத்தனை முறை உச்சரிக்கப்படுகிறது என்பதை ஆசிரியர்களே அறிவர்.)

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுற்றது. ஆயுதச் சட்டமும் அவ்வாண்டினதே. 1971இல் வந்த துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம், கொள்ளை முதலிய குற்றங்களின்போது சுடுவோர்க்குக் கட்டாய மரண தண்டனை விதித்தது. சுடுதலும் வைத்திருத்தலும் சட்டத்தில் வெவ்வேறு எடை பெறத் தொடங்கியதை இங்குக் காண்கிறோம். அக்கட்டாயமும் 2023இல் நீக்கப்பட்டு, தண்டனையைத் தேரும் உரிமை நீதிபதியிடம் விடப்பட்டது. உறுப்பும் ஆயுதமே என்னும் 1960ஆம் ஆண்டின் வரையறை மட்டும் மாறவில்லை. உரிமம் பெற்ற வேட்டைக்காரரும் தம் துப்பாக்கியின் குதிரை பழுதுபட்டால், பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடமே அதனைக் கொண்டு செல்ல வேண்டும்.