தேள், கொடுக்கு, நெறி

விறகுக் கட்டைப் பிரிக்கப்போகும் பெண்ணிடம் வீட்டுப் பெரியவள் சொல்வாள்: “தட்டிட்டு எடுடி, பூச்சி பொட்டு இருக்கும்.” அந்தப் ‘பூச்சி பொட்டு’க்குள் பாம்பும் அடக்கம், தேளும் அடக்கம், பூரானும் அடக்கம். விளக்கு வைத்த பிறகு பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற அச்சத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர் அது. எச்சரிப்பதற்கு அது போதும். கொட்டிய பிறகு போதாது. “எது கொட்டுச்சு?” என்பதுதான் அப்போது முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நம் வீடுகளில் ஒரு சொற்குவியலே இருந்தது. இன்றைக்கு நகரத்துப் பிள்ளைகளிடம் அது ‘பூச்சி’ என்ற ஒற்றைச் சொல்லாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் யாரோ குனிந்து கூர்ந்து பார்த்து வைத்த பெயர் என்பதால் இந்தத் தேய்மானம் எனக்குக் கவலை தருகிறது.

முதலில் தேள். மலையாளத்திலும் தேள்தான், தெலுங்கில் தேலு, கன்னடத்தில் சேளு. இவை அண்டைவீட்டு மொழிகள், வியப்பில்லை. பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி என்ற திராவிட மொழியிலும் தேளுக்குப் பெயர் தேல்ஹ். நான்கு முதலான எண்களுக்குக்கூட ஈரானியச் சொற்களைக் கடன் வாங்கிக்கொண்ட மொழி அது. அப்படிப்பட்ட மொழியும் தேளின் பெயரைக் கைவிடவில்லை. திராவிட மொழிகள் பிரிவதற்கு முன்பிருந்தே மனிதரும் தேளும் ஒரே கல்லின் அடியிலும் மேலுமாக வாழ்ந்திருக்கிறார்கள்.

வடமொழியிலிருந்து வந்த விருச்சிகம் வானத்தோடு நின்றுவிட்டது. தேள் ராசி என்று யாரும் சொல்வதில்லை. விருச்சிகம் கொட்டிவிட்டது என்றும் யாரும் அலறுவதில்லை. நிகண்டுகள் நளி, தெறுக்கால் என்றும் தேளுக்குப் பெயர் தருகின்றன. இவற்றில் தெறுக்கால் எனக்குப் பிடித்தது. தெறுதல் என்றால் சுடுதல். கொட்டுப்பட்டவர் முதலில் சொல்வதும் ‘தீயாய் எரியுது’ என்றுதான்.

தேளின் ஆயுதத்துக்குப் பெயர் கொடுக்கு. கொடுத்தலுக்கும் இதற்கும் உறவில்லை. கொடு என்றால் வளைவு. கொடுவாள் வளைந்த வாள். பள்ளிக்கூட வாசலில் கூறுகட்டி விற்கும் கொடுக்காப்புளி சுருண்டு வளைந்த காய். மனம் வளைந்தால் அது கொடுமை. அந்த வரிசையில்தான் கொடுக்கும் வருகிறது. தேள் கொட்டும்போது வாலைப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக வளைத்துக் கொண்டுவந்து முன்னால் குத்துகிறது. வால்நுனியின் முள்ளும் வளைந்ததே. தேள்கொடுக்குச் செடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வயல்வரப்பில் முளைக்கும் அந்தச் செடியின் பூங்கதிர் நுனியில் சுருண்டு, ஒரு பக்கமாக வரிசைகட்டிய சின்னஞ்சிறு பூக்களோடு, தூக்கிய தேள்வால் போலவே நிற்கும். நண்டின் முன்கை இடுக்கியையும் கொடுக்கு என்கிறோம். இதனால் ஒரு குழப்பம் உண்டு. தேளின் முன்னால் நீளும் இரண்டு இடுக்கிகள்தான் கொட்டுகின்றன என்று நம்பும் பெரியவர்களையே பார்த்திருக்கிறேன். அவை இரையைப் பிடிக்க, விஷம் வாலில்தான்.

பாம்பு கடிக்கும், தீண்டும். தேள் கொட்டும். பறையைக் கொட்டுவதும் கையைக் கொட்டுவதும் இதே வினைதான். ஓங்கி அடித்து உடனே எடுக்கும் செயல். தேள் வாலால் செய்வதும் அதுவே. அதன் பிறகு வருவது கடுப்பு. கடு என்றாலே பழந்தமிழில் நஞ்சு. கடுப்பு ‘ஏறும்’, விடிவதற்குள் ‘இறங்கும்’. வேப்பிலை அடித்து மந்திரிப்பவர் விஷத்தை இறக்கிவிட்டதாகப் பேர் வாங்கியதும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான். பெரும்பாலும் தேள் கொட்டிய வலி தானாகவே இறங்கிவிடும்.

கடுப்போடு கூட வருவது நெறி. காலில் கொட்டினால் தொடை இடுக்கிலும், கையில் கொட்டினால் அக்குளிலும் கட்டிபோல ஒன்று திரண்டு வலிக்கும். நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். மருத்துவர் இதை நிணநீர்க் கணு வீங்கியிருக்கிறது என்று சொல்வார். கொட்டிய இடம் ஒன்று, வீங்கும் இடம் வேறொன்று என்பதைக் கவனித்த கண்கள்தான் ‘தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனைமரத்தில் நெறி கட்டுமா’ என்ற பழமொழியைச் செய்தன. இன்று அதைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு நெறி எங்கே கட்டும் என்று தெரியும்?

பூரான் கடிக்கும், கொட்டாது. தலைக்கு அடியில் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. பார்த்தால் பற்கள் போல இருந்தாலும், அவை உருமாறிய முதல் இணைக் கால்கள். விஷம் அவற்றின் வழியே இறங்குகிறது. வடமொழி அதற்கு நூறு கால் எண்ணிச் சதபதி என்றது. பூரானின் கால் இணைகள் எப்போதும் ஒற்றைப்படை. பெரிய பூரான்களில் பெரும்பாலும் 21 இணைகள். ஆக, சரியாக நூறு கால் உள்ள பூரான் இருக்க முடியாது. சிவந்த பூரானுக்குச் செய்யான் என்று தனிப்பெயரே உண்டு. யாழ்ப்பாணத்தில் மட்டத்தேள் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் சட்டென்று விளங்கும். அங்கே பூரான் என்பது முளைவிட்ட பனங்கொட்டையைப் பிளந்தால் உள்ளே கிடைக்கும் இனிப்பான வெண்பருப்பு. நம் பக்கத்துக்காரர் அதைத் தவுண் என்பார். எது கடித்தது என்றே தெரியாமல் உடம்பெல்லாம் தடித்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: காணாக்கடி.

இனி உயிர் பற்றிய விஷயம். கறுத்த உடம்பும் பருத்த இடுக்கிகளுமாக மழைக்குப் பின் முற்றத்தில் நடக்கும் பெரிய தேளுக்குப் பெயர் நட்டுவாக்காலி. ‘நண்டுவாய்க்காலி’ என்பதே அப்படி மருவியது என்று கொள்ள இடமுண்டு; முன்பக்கம் பார்த்தால் நண்டேதான். பார்த்தவுடன் குலை நடுங்கும். கொட்டினால் வலி கடுமையாகவும் இருக்கும். ஆனால் ஆளைக் கொல்வது அரிது. அச்சத்துக்குரியது செந்தேள். விரல் நீளம்கூட இராது. வைக்கோல் நிறத்திலிருந்து செம்பழுப்பு வரை இருக்கும். இடுக்கிகள் மெலிந்தும் வால் தடித்தும் இருக்கும். இடுக்கி பெருத்த தேளுக்கு விஷம் குறைவு, வால் பெருத்த தேளுக்கு விஷம் அதிகம் என்பது பொதுவான கணக்கு.

செந்தேளுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் கிறிஸ்டியான் ஃபாப்ரிசியஸ், ஆண்டு 1798. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் கையில் இருந்தது. அவர் வைத்த பெயர் ஸ்கார்பியோ டாமுலஸ். பேரினப் பெயர் பின்னால் மாறி, இன்று ஹாட்டன்டோட்டா டாமுலஸ். அந்த டாமுலஸ் தமிழைக் குறிக்கிறது. உலகின் கொடிய தேள்களில் ஒன்று நம் பெயரைச் சுமக்கிறது. மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதி, தமிழகம், ஆந்திரம், யாழ்ப்பாணக் குடாநாடு எங்கும் அது உண்டு.

கொங்கணில்தான் அதற்கு மாற்றும் கிடைத்தது. மகாட் வட்டாரக் கிராமங்களில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டியவர்களின் படுக்கையருகே இருந்து கவனித்தார். கொட்டுப்பட்டவர் வியர்த்துக் கொட்டுவார், வாந்தி எடுப்பார், கைகால் சில்லிட்டுப்போகும், பிறகு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அவர் கண்ட அறிகுறிகள் 1982-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையை அவர் இதற்குப் பயன்படுத்தத் தொடங்கியபின், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது என்ற அளவில் இருந்த சாவு ஒன்றிரண்டாகக் குறைந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விலை குறைந்த மாத்திரை. ஆனால் நேரத்தோடு கிடைக்க வேண்டும். குழந்தையைக் கொட்டியிருந்தால், வியர்வையும் சில்லிப்பும் தெரியும்வரை காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கொட்டிய இடத்தைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கறுப்பா சிவப்பா, இடுக்கி பெருத்ததா மெலிந்ததா என்று பார்த்தவர் சொன்னால் மருத்துவருக்கு உதவும். தேளைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

வீட்டில் தேளுக்குப் பிடித்த இடங்கள்: செங்கல் அடுக்கு, வரட்டிக் குவியல், உரிமட்டை, சுவர் வெடிப்பு, கழற்றிப்போட்ட செருப்பு. வெடிப்பைப் பூசி அடைத்து, விறகைச் சுவரை ஒட்டாமல் மேடை கட்டி அடுக்கினால் பாதி குறையும். கரப்பான் ஒழிந்தால் அதைத் தின்ன வரும் தேளும் பூரானும் குறையும். குளியலறைத் தூம்பு வாயில் மெல்லிய கம்பிவலை போட்டால் பூரான் ஏறிவராது. கோழி வளர்க்கும் வீட்டுக் கொல்லையில் தேள் நிலைக்காது, கிளறித் தின்றுவிடும். இன்னொரு வழி புறஊதா டார்ச். இருட்டில் அதைச் சுவரோரமாக அடித்தால், தோல் பச்சை கலந்த நீலமாக ஒளிர்ந்து தேள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகத் தோலுரித்த தேள் மட்டும் சரியாக ஒளிராது. ஆகையால் டார்ச் வைத்திருப்பவரும் விறகைத் தட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.