கஜானா சிப்பந்தியின் நட்சத்திரக் கணக்கு

பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு 34 வருஷம் சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன் நான். ஆராய்ச்சி என்பது பெரிய படிப்புக்காரர்கள் காரியம் என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ராதா கோவிந்த சந்திரா.

சில நட்சத்திரங்களின் ஒளி கூடிக் குறையும். பல வருஷம் இரவுதோறும் பார்த்து, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் குறித்தால்தான் அதன் போக்கு விளங்கும். விஞ்ஞானிகள் நாலு பேரால் ஆகிற வேலையல்ல. ஹார்வர்டு வானாய்வகத் தலைவர் பிக்கரிங் பொதுஜனங்களின் உதவியை நாடினார். 1911-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கிய வில்லியம் டைலர் ஆல்காட், தொழிலில் வக்கீல்.

சந்திரா, அன்றைய வங்காளத்தில் ஜெஸ்ஸூர் கஜானாவில் நாணயம் சோதிக்கும் சிப்பந்தி. 1918-ல் கழுகு மண்டலத்தில் தோன்றிய புது நட்சத்திரத்தைத் தாமாகவே கண்டுகொண்டார். அந்தச் சங்கம் 1926-ல் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இரவலாக அனுப்பியது. 1954 வரை அவர் எடுத்த குறிப்புகள் 37,000-க்கும் மேல்! தள்ளாமை வந்ததும் கருவியைப் பொறுப்பாக ஒப்படைத்தார். அது வைணு பாப்புவின் கைக்கு வந்து, பின்னர் அவர் நிறுவிய ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தைச் சேர்ந்தது.

நம் திருவாதிரையும் ஒளி மாறும் நட்சத்திரம்தான். 2019-20-ல் அது மங்கியது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதுவே என் ஜன்ம நட்சத்திரம். சங்கல்பத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது மார்கழி, தை இரவுகளில் நோட்டுப் புத்தகத்தோடு மொட்டைமாடிக்குப் போகிறேன்.