கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்: பெயரும் பங்கும்

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை. கோட் சூட் போட்ட 19 பேர். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்திலேயே பறையும் கட்டமோளமும். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மக்கள் முன் நின்ற நாள் அது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவும், ராக்கும், ராப்பும் ஒன்றாக ஒலித்தன. பாடியவை இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர். இதில் எதையும் அன்றைய சினிமாப் பாட்டு தொட்டிருக்காது.

அந்தப் பெயர் திடீரென்று முளைத்ததல்ல. அயோத்திதாசப் பண்டிதர் நம்மைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று எழுதச் சொன்னவர். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குச் சென்னையில் மட்டுமா வாசகர்கள்? சூளகிரியிலிருந்து எல்லை தாண்டினால் எட்டிவிடும் கோலார் தங்கவயலில், வட ஆற்காட்டிலிருந்து போய்ச் சுரங்கத்தில் இறங்கிய நம் ஆட்கள் அதைப் படித்தார்கள், அவர் வழியில் பௌத்த சங்கம் வைத்தார்கள். பின்னாளில் அவரது நூல்களை அச்சிட்டதும் அந்த ஊர்ச் சித்தார்த்தா புத்தகசாலைதான். பேண்டின் பெயருக்கு நம் பக்கத்து மண்ணிலும் வேர் உண்டு என்பதை இங்கே யாரும் சொல்வதில்லை.

குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவைப் பாடியவர், 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இன்னொருவர் அரக்கோணத்து அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து 'எஞ்சாயி எஞ்சாமி'யை எழுதி, தீயோடு சேர்ந்து பாடினார். 2021 மார்ச்சில் வெளியாகி உலகம் சுற்றியது. ஆனால் அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று அவரும் சந்தோஷ் நாராயணனும் ஆளுக்கொரு விளக்கம் எழுதினார்கள். 2024இல் சந்தோஷ் சொன்னது இன்னும் கொடுமை: அந்தப் பாட்டால் மூவருக்குமே ஒரு பைசா வரவில்லையாம்.

பாட்டைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கில். காசு எங்கே போனது?

எங்கள் காலனியில் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து ராப் எழுதும் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் ஊர்ச் சாவுக்குக் கூலி பேசாமல் பறையடித்தவர்கள். போன மாதம் ஒருவர் வந்து, "நாங்களே ரெக்கார்ட் பண்ணித் தர்றோம்" என்றார். பையன்கள் கேட்ட முதல் கேள்வி: "யார் பேர்ல ஏத்துவீங்க, அண்ணா?"