நிக்கெல்ஹார்ப்பா

ஸ்வீடன் தேசத்தின் உப்லாந்து மாகாணத்தில் பரம்பரையாகப் பேணப்பட்டுவரும் நரம்பு வாத்தியம். இதனைத் தோள்வாரில் மாட்டி வயிற்றோடு அணைத்து, இடக்கை விரல்கள் மரச்சாவிகளைக் கீழிருந்து மேலாக அழுத்த, வலக்கை குட்டையான வில்லை இழுக்கையில், வில் தீண்டாத 12 அனுநாதத் தந்திகள் தாமே அதிர்ந்து எழுப்பும் ரீங்காரமே இதன் ஜீவன் எனலாம். கோத்லாந்துத் தீவில் 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயச் சிற்பமொன்றிலேயே இதனை ஒத்த வாத்தியம் காணப்படுகிறது. பிடிலும் அக்கார்டியனும் செல்வாக்குப் பெற்ற காலத்தில் நலிவுற்ற இக்கலை, 1929இல் ஆகஸ்ட் போலின் அமைத்த புதிய வடிவத்தாலும், அதனைச் செம்மைப்படுத்தி, வாசிப்பு, வாத்திய நிர்மாணம், இசையாக்கம் ஆகிய மூன்றிலும் வல்லவராய், தாம் அறிந்ததைத் தயங்காது இளைஞருக்கு வழங்கிய எரிக் சால்ஸ்த்ரோமின் (1912–1986) அரிய சேவையாலும் புத்துயிர் பெற்றது. அவர் பெயரால் தோபோ கிராமத்தில் 1998இல் தோன்றிய கலாசாலை, வாத்தியப் பயிற்சியோடு அதனைச் செய்யும் தச்சுவேலையையும் கிராமிய நடனத்தையும் போதிக்கிறது.