சென்னைக்கு வாடகை 1200 வராகன்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். வாடகை எவ்வளவு என்பதைப் பேசி முடித்துவிடலாம். வீட்டுக்காரர் நினைத்தபோது உள்ளே வரலாமா என்பதில்தான் சண்டையே. நம் சென்னைப் பட்டணத்தின் ஆரம்பகாலச் சரித்திரமும் இந்தச் சண்டைதான்.

ஆங்கிலேயர் சென்னையை விலைக்கு வாங்கினார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். 1639-ல் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் பிரான்சிஸ் டேயிடம் கொடுத்தது கிரயப் பத்திரம் அல்ல; நிபந்தனைகளோடு கூடிய மானியம். கோட்டை கட்டிக்கொள்ளலாம். செலவை முதலில் நாயக்கர் போடுவார், கம்பெனி குடியேறியதும் திருப்பித் தரவேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்கு. அதன்பிறகு துறைமுகச் சுங்கத்திலும் வருவாயிலும் ஆளுக்குச் சரிபாதி. (நடைமுறையில் கட்டுமானச் செலவு கம்பெனியின் தலையில்தான் விழுந்தது.)

சரிபாதி என்று எழுதுவது சுலபம். வசூல் எவ்வளவு என்று பார்க்க, நிலத்துக்குச் சொந்தக்காரரின் ஆள் ஊருக்குள் உட்கார வேண்டுமே! 1640-களின் கடைசியில் இந்தப் பகுதி கோல்கொண்டா சுல்தானின் கைக்குப் போனது. 1658-ல் பாதிப் பங்குக்குப் பதிலாக ஆண்டுக்கு 380 வராகன் என்று பேசி முடித்தார்கள். ஆனால் பிறகு வந்த சுல்தானின் அதிகாரி நெக்னாம் கான் விடவில்லை. தொகை போதாது, பட்டணத்தில் எங்கள் அவல்தார் இருக்கவேண்டும் என்றார். அவல்தார் என்றால் சுல்தானின் சார்பில் ஊரைக் கண்காணிக்கும் அதிகாரி. பல ஆண்டுகள் இழுபறி.

1672-ல் உடன்பாடு வந்தது. ஆண்டு வாடகை 1200 வராகன். பட்டணத்துக்குள் அவல்தார் கிடையாது.

வகுப்பில் நான் கரும்பலகையில் 380, 1200 என்று இரண்டு எண்களை மட்டும் எழுதிவிட்டு, "வியாபாரி மூன்று மடங்குக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க ஏன் சம்மதித்தான்?" என்று கேட்பது வழக்கம். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒரு பிள்ளை சரியாகச் சொல்லிவிடும்: "சார், தொந்தரவு இல்லாம இருக்க!" அதுதான் விஷயம். கூடுதலாகக் கொடுத்த 820 வராகனுக்குக் கம்பெனி வாங்கியது கதவின் சாவியை.

இன்று சென்னையில் உள்ள துணைத் தூதரகங்களைப் பாருங்கள். நிலமும் கட்டடமும் எங்கே இருந்தாலும், அனுமதி இல்லாமல் உள்ளூர் அதிகாரிகள் தூதரகத்துக்குள் நுழைய முடியாது என்பது 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 22-ஆவது பிரிவு. அதே ஒப்பந்தத்தின் 41-ஆவது பிரிவு, உள்ளே இருப்பவர் அந்த நாட்டின் சட்டத்தை மதிக்கவேண்டும், உள்விவகாரங்களில் தலையிடக்கூடாது என்கிறது. துணைத் தூதரகங்களுக்கும் 1963-ல் இதுபோன்ற விதிகள் வந்தன. கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை ஒரு கை என்றால், நடத்தைக்கு எல்லை மறு கை. 1672-க்குப் பிறகு கோட்டைக்குள் நடப்பதைப் பார்த்துச் சொல்ல நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு ஆளே இல்லாமல் போனது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1687-ல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. நிலத்தின் சொந்தக்காரர் மாறினார். 1702-ல் தாவூத் கான் பட்டணத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, பணம் வாங்கிக்கொண்டு திரும்பினார். 1752-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி அந்த 1200 வராகனையே தள்ளுபடி செய்தார். அவருடைய நவாப் பதவியே அப்போது கம்பெனிச் சிப்பாய்களை நம்பி இருந்தது. வாடகை கேட்கும் நிலையில் அவர் இல்லை.

அதே முகமது அலிதான் பின்னர் கோட்டைக்குப் பக்கத்திலேயே சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டிக் குடிவந்தார். 1801-ல் கர்நாடக அரசின் நிர்வாகம் கம்பெனிக்குப் போனது. 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் அரண்மனையும் போனது. பின்னாளில் அந்தக் குடும்பத்துக்கு ராயப்பேட்டை அமீர் மஹால் வசிக்கக் கொடுக்கப்பட்டது. வாடகை வாங்கியவர்களின் வழிவந்தவர்கள், வாடகை கொடுத்தவர்கள் ஒதுக்கிய வீட்டில் குடியேறினார்கள்.

உங்கள் வீட்டில் பழைய குத்தகைப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ இருந்தால் எடுத்துப் படியுங்கள். தொகை எழுதிய வரியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள நிபந்தனைகளைப் படியுங்கள். வீடு யாருடையது என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.