மசாஜுக்கு யாரிடம் போவது? 1894-இல் நாலு நர்ஸுகள் சொன்ன பதில்

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

"டாக்டர், இடுப்பு பிடிச்சிருக்கு, மசாஜ் பண்ணிக்கலாமா? நல்ல ஆளா ஒருத்தரைச் சொல்லுங்களேன்." வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிற கேள்வி இது. நல்ல ஆள் என்றால் யார்? படித்தவரா, கைராசிக்காரரா, நாலு பேர் நல்லா சொன்னவரா? இதே கேள்வியில் ஒரு ஊரே மாட்டிக்கொண்டு முழித்த கதை ஒன்று உண்டு. ஊர் லண்டன், வருஷம் 1894.

முதலில் பின்னணி. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மசாஜ் வெறும் சுகமாக இல்லாமல் மருத்துவமாக மாறிக்கொண்டிருந்தது. ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் என்ற வாள்சண்டை ஆசிரியர் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். நோயாளிக்கான பயிற்சிகளும் அங்கே பாடம். அதற்குப் பிறகு நெதர்லாந்தில் யோஹான் மெட்ஸ்கர் என்ற டாக்டர், கையால் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் பிரெஞ்சுப் பெயர் வைத்து முறைப்படுத்தினார். நீவுவது எஃப்ளுராஜ், பிசைவது பெட்ரிஸாஜ். இன்றைக்கு ஸ்பா போர்டில் 'ஸ்வீடிஷ் மசாஜ்' என்று பார்க்கிறீர்களே, அதில் பாதிக்கு மேல் இந்த டச்சுக்காரர் கைவேலை. பேரைத் தட்டிக்கொண்டு போனது ஸ்வீடன்.

அமெரிக்காவில் சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற நரம்பியல் மருத்துவர் 'ஓய்வு சிகிச்சை' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நரம்புத் தளர்ச்சி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டு, பாலும் சாப்பாடும் நிறையக் கொடுத்து, தினமும் மசாஜ். (அந்தப் பெண்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை இன்னொரு இழையில் எழுதணும்.) 1880-களில் இது லண்டனுக்கு வந்ததும் மசாஜ் தெரிந்த பெண்களுக்குத் திடீர் கிராக்கி.

இங்கே நம்ம ஊர்த் தொடர்பு ஒன்றையும் சொல்லிடறேன். இதுக்கெல்லாம் முன்னாடியே இங்கிலாந்தில் மசாஜ் கடை போட்டு ஜெயித்தவர் ஒரு இந்தியர். 1759-இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது. பிரைட்டன் கடற்கரை ஊரில் நீராவிக் குளியலும் 'ஷாம்பூயிங்'கும். ஷாம்பூ என்றால் அப்போ தலைக்குப் போடுவது இல்லை. 'அமுக்கு, பிடித்து விடு' என்ற பொருள்பட்ட இந்திச் சொல்லிலிருந்து வந்தது அது. இரண்டு ராஜாக்களுக்கு, நான்காம் ஜார்ஜுக்கும் நான்காம் வில்லியமுக்கும், 'ஷாம்பூயிங் சர்ஜன்' அவர்தான்.

அவரிடம் வருகிறவர்கள் அவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? 1822-இல் அவர் போட்ட புத்தகத்தில் குணமானவர்கள் எழுதிய நன்றிக் கடிதங்கள். குளியல் நிலையத்தில் குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள். அந்தக் காலத்து கூகுள் ரிவ்யூ! முகமது திறமைசாலியாக இருந்திருக்கலாம். ஆனா ஊன்றுகோலை வைத்து ஒரு கையை எடைபோட முடியாது. குணமாகாமல் வீட்டுக்குப் போனவர் ஊன்றுகோலை அங்கே விட்டுவிட்டுப் போவதில்லையே. ஐந்து நட்சத்திர ரிவ்யூவிலும் இதே ஓட்டைதான்.

சரி, 1894-க்கு வருவோம். அந்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், அதாவது டாக்டர்களின் சொந்தப் பத்திரிகை, ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கிற மசாஜ் நிலையங்களில் பல, உள்ளே விபச்சார விடுதிகள் என்று எழுதியது. இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது: சில பயிற்சி நிலையங்கள் இளம்பெண்களிடம் காசு வாங்கி, அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்து, ஒரு சான்றிதழைக் கையில் திணித்து அனுப்புகின்றன. வேலை கிடைக்காத அந்தப் பெண்களுக்குத் திறந்திருந்த கதவு பல நேரம் அந்த மாதிரி நிலையங்களின் கதவுதான்.

இதில் அடிபட்டது யார் என்று யோசிச்சுப் பாருங்க. ஒழுங்காக வேலை கற்று, பக்கவாதம் வந்தவருக்கும் எலும்பு முறிந்து தேறியவருக்கும் கைகால் நீவிவிட்டுச் சம்பாதித்த பெண்கள். 'நான் மசாஜ் செய்பவள்' என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிற நிலைமை. நோயாளிக்கோ எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கதவும் ஒரே மாதிரிதானே.

அப்போ நாலு நர்ஸுகள் சேர்ந்தார்கள். லூசி மேரியன் ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் ஆன் மான்லி, மார்கரெட் டோரா பாமர். அதே 1894-இல் 'பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கம்' தொடங்கினார்கள். தேர்வு வைத்தார்கள். பாஸானவருக்கு மட்டும் சான்றிதழ், பட்டியலில் பெயர். உடற்கூறியல் தெரியாமல் தேர்வு தாண்ட முடியாது. கூடவே சில நடத்தை விதிகள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

டாக்டர் சொல்லாமல் மசாஜ் செய்யக் கூடாது. ஆண்களுக்குப் பொது மசாஜ் கிடையாது, டாக்டர் தனியாகக் கேட்டுக்கொண்ட அவசர, நர்ஸிங் நோயாளிகள் மட்டும் விதிவிலக்கு. மருத்துவப் பத்திரிகை தவிர வேறெங்கும் விளம்பரம் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது.

கடைசி விதியைப் பாருங்க. அவர்கள் விபச்சாரப் புகாருக்குப் பதில் சொல்ல வந்தவர்கள். அதில் மருந்து விற்பனை எங்கிருந்து வந்தது? கை வைத்துச் செய்கிற தொழிலில் நம்பிக்கை சீக்கிரம் உண்டாகும். வலி குறைந்த அந்த அஞ்சு நிமிஷத்தில் எதை நீட்டினாலும் நோயாளி வாங்குவார். இன்றைக்கும் நடப்பதுதானே: முதுகுவலிக்குப் போனவர் திரும்பும்போது கையில் இரண்டாயிரம் ரூபாய் எண்ணெய் பாட்டிலும் ஒரு மூட்டுப் பொடி டப்பாவும். என் அனுபவத்தில், ஆளை எடைபோட இதைவிட வேகமான சோதனை கிடையாது.

முதல் விதியைப் பற்றி, ஒரு டாக்டராக இருந்துகொண்டே சொல்றேன், எனக்குச் சங்கடம் உண்டு. அந்தப் பெண்கள் மரியாதை வாங்கக் கொடுத்த விலை அது. தங்கள் தொழிலின் சாவியை ஆண் டாக்டர்கள் கையில் கொடுத்தார்கள். டாக்டர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மசாஜைப் பற்றி அந்தப் பெண்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி தெரிந்திருக்காது. ஆனா வேறு வழி இருந்ததா? பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டே இல்லாத நாடு அது.

வந்த பலன் பெரிது. 1914-இல் போர் வந்ததும் அல்மெரிக் பேஜெட் ராணுவ மசாஜ் படை 50 பெண்களோடு தொடங்கி, போர் முடியும்போது ஏறக்குறைய 2,000 பேர் என்று வளர்ந்தது. கை கால் இழந்தவர்கள், மூட்டு இறுகிப்போனவர்கள் என்று ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அவர்கள் கையில் தேறினார்கள். போரில் கண் இழந்த சிப்பாய்களே மசாஜ் கற்றுப் பிழைத்த கதையும் உண்டு. 1920-இல் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. 1944-இல் பெயர் மாறியது: 'சார்ட்டர்டு சொசைட்டி ஆஃப் பிசியோதெரபி'. ஆமா மக்களே, உங்க ஊர் பிசியோதெரபிஸ்ட்டின் தொழில்வழிப் பாட்டிகள் இந்த நாலு பேர்தான்.

பெயர் மாறியபோது 'மசாஜ்' என்ற சொல் வெளியே விடப்பட்டது. பிரிட்டனில் இன்று பதிவில்லாமல் பிசியோதெரபிஸ்ட் என்று போட்டுக்கொண்டால் குற்றம். மசாஜ் தெரபிஸ்ட் என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். ஜப்பான் வேறு வழியில் போனது. 17-ஆம் நூற்றாண்டிலேயே சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற மருத்துவர் எடோ நகரில் பார்வையற்றோருக்கு அக்குபங்சரும் மசாஜும் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். இன்று அங்கே மசாஜுக்கே மூன்று வருஷப் படிப்பு, தேசியத் தேர்வு, உரிமம் எல்லாம் உண்டு. அதற்கும் சந்துபொந்துகள் இருக்கு, வேற பேர் போட்டுக் கடை நடத்துறாங்க, அது தனிக் கதை.

நம்ம ஊரில்? 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தில் பிசியோதெரபி இருக்கிறது. ஆனா தெருமுனை ஸ்பாவில் உங்க கழுத்தைப் பிடிக்கிறவர் என்ன படித்தார் என்று கேட்க வேண்டியது நீங்கதான். கேளுங்க, கூச்சப்படாதீங்க. எங்க படிச்சீங்க, எத்தனை மாசம், என் மாதிரி வலிக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?

ஆனா அதைவிட முக்கியம், அவர் உங்களைக் கேட்கிறாரா என்பது. சுகர் இருக்கா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடறீங்களா, எலும்புத் தேய்மானம், புற்றுநோய், கர்ப்பம் என்று எதையும் விசாரிக்காமல் நேரா எண்ணெயை ஊற்றினால் எழுந்து வந்துடுங்க. கழுத்தை 'டக்'கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பவரிடம் கழுத்தைக் கொடுக்காதீங்க. கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனா வருவதுண்டு. எதற்காக வருகிறீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்க. உடம்பு அலுப்புக்குப் போகிற இடமும், ஸ்ட்ரோக்குக்குப் பிறகு கை தூக்கப் போகிற இடமும் ஒன்றில்லை. கழுத்துச் சதை இறுகினவருக்கு ஸ்பா போதும். தோள் உறைந்து போனவருக்கு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். அழுத்தம் அதிகம்னு சொன்னதும் குறைக்கிறாரா பாருங்க. 'வலிச்சாதான் குணமாகும்' என்பவர் வேண்டாம். எந்த இடத்தைத் தொடப் போகிறார் என்று முன்கூட்டியே சொல்லி, உங்க சம்மதம் கேட்பவராக இருக்கணும்.

மசாஜே வேண்டாத நேரமும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் யாரும் கை வைக்கக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். குழந்தை விழுந்து முழங்கை வீங்கினால் உருவிவிடாதீங்க, சதைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமலே போய்விடலாம். முதல்ல எக்ஸ்ரே. இடுப்புவலியோடு சிறுநீர் போக முடியலை, தொடையிடுக்கில் மரத்துப்போச்சு என்றால் அன்றைக்கே, ராத்திரி ரெண்டு மணியானாலும், அவசரப் பிரிவுக்கு வாங்க.