விண்வெளியும் ஆக்கவுரிமையும்

விண்வெளிப் பயணத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதில் பறந்தவர்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். ககாரின், தெரெஷ்கோவா, ஆம்ஸ்ட்ரோங் ஆகியோரின் பெயர்களை நம் மாணவர் நன்கறிவர். ஆனால் சுழலும் செய்மதியைத் திருப்பும் வழியைக் கண்டவர் யார், அக்கண்டுபிடிப்பு எவருடைய சொத்தாகப் பதிவாயிற்று, அதற்கு யார் பணம் கொடுத்தார், யார் பெற்றார் என்ற வினாக்களுக்குப் பாடநூல்களில் இடமில்லை. விஞ்ஞானம் மனிதகுலம் அனைத்தினதும் செல்வம் என்று மேடைகளில் கேட்டுப் பழகிய நாம், அச்செல்வத்துக்கு எழுதப்பட்ட உறுதிகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

ஆக்கவுரிமை என்பது பழைய ஏற்பாடு. வெனிஸ் நகர் 1474ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் செய்தது. 1624இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், மன்னன் தனக்கு வேண்டியவர்களுக்கு உப்பு முதலான பண்டங்களில் தனியுரிமை வழங்கி வந்த கொடுமையை ஒழிக்க முனைந்தபோது, புதிய ஆக்கங்களுக்கு மாத்திரம் பதினான்கு ஆண்டு விலக்களித்தது. 'பேற்றன்ற்' என வழங்கும் சொல்லின் மூலப்பொருள் 'திறந்த மடல்' என்பதாகும். ஆக்கத்தின் இரகசியத்தை எல்லோரும் அறிய வெளியிடு. பதிலாகச் சில ஆண்டுகள் அதன் பயனை நீயே அனுபவி. இதுவே ஆக்குவோனுக்கும் சமுதாயத்துக்கும் இடையேயான உடன்படிக்கை. தனிப்பட்ட கைவினைஞன் ஒருவன் தன் பட்டறையிலிருந்து புதிதொன்றைக் கொணர்ந்த காலத்துக்கு இது பொருந்தியிருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் பொதுப்பணத்தில் கூடியுழைத்து உருவாக்கும் கருவிகளுக்கு இது எவ்வாறு பொருந்தும் என்பதே நாம் ஆராயப் புகுந்த விடயம்.

ரொக்கெட் இயலின் தொடக்கத்தில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் ருஷ்ய நாட்டின் கலூகா என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராக வாழ்ந்த கொன்ஸ்தந்தீன் ட்சியொல்கோவ்ஸ்கி. சிறுவயதிற் கண்ட காய்ச்சலால் செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். 1903ஆம் ஆண்டு, திரவ எரிபொருள் ரொக்கெட்டினால் விண்வெளியை அடையலாம் என்பதைக் கணித முறையில் நிறுவிக் கட்டுரையொன்றை வெளியிட்டார். அது வெளிவந்த 'விஞ்ஞான நோக்கு' என்னும் ஏடு, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் லெனினின் பொருளியற் கட்டுரைகளையும் தாங்கி வந்த ஏடாகும். தாம் வடிவமைத்த உலோக வான்கப்பலை ட்சியொல்கோவ்ஸ்கி சில நாடுகளிற் பதிவுசெய்ததுண்டு. ரொக்கெட் பற்றிய சமன்பாடுகளோ அச்சிடப்பட்ட நாளிலேயே, படிக்கத் தெரிந்த எவருக்கும் உரியவையாயின. ஆசிரியத் தொழில் புரிவோர் இவரை நினைத்துப் பெருமைகொள்வதிற் தவறில்லை.

மற்றவர் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரொபேட் கொடார்ட். 1914 யூலை 7இல் பலகட்ட ரொக்கெட்டுக்கும், அதற்கு ஒரு வாரத்தின் பின் திரவ எரிபொருளைச் செலுத்தும் முறைக்கும் ஆக்கவுரிமை பெற்றார். ஐரோப்பாவில் மகாயுத்தம் மூளுவதற்குச் சில கிழமைகளே இருந்தன. 1926 மார்ச் 16இல் அவரது முதலாவது திரவ எரிபொருள் ரொக்கெட் ஓபேர்ன் என்னும் ஊரின் பண்ணையொன்றில் எழுந்தது. இரண்டரை விநாடி, உயரம் 12 மீற்றர் அளவு, சென்று வீழ்ந்த தூரம் 56 மீற்றர். பத்திரிகைகளின் ஏளனத்துக்கு ஆளான கொடார்ட் தமது ஆய்வுகளைப் பிறர் பார்வைக்கு எளிதில் வைக்கவில்லை. ஆயினும் ஆக்கவுரிமைகளைச் சேர்த்துவந்தார். 1945இல் அவர் இறந்தபின்னரும் அவர் மனைவி எஸ்தர் குறிப்பேடுகளிலிருந்து மேலும் 131 ஆக்கவுரிமைகளைப் பெற்றார், மொத்தம் 214. இவற்றைப் பயன்படுத்தாது எந்தப் பெரிய ரொக்கெட்டையும் கட்ட முடியாதென்பதை உணர்ந்த அமெரிக்க அரசு, 1960இல் பத்து லட்சம் டொலர் கொடுத்து உரிமையைத் தீர்த்துக்கொண்டது. அப்பணம் திருமதி கொடார்டுக்கும், ஆய்வுக்கு உதவிய குகன்ஹைம் அறநிலையத்துக்கும் சென்றது. ஆக்கவுரிமை முறையின் ஆதரவாளர் தம் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்காட்டத்தக்க நிகழ்ச்சி இது. நாமும் அதை மறுக்கவில்லை. இறந்தவருக்கு நியாயம் பதினைந்து ஆண்டு பிந்திக் கிடைத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இடையில் யேர்மனியில் நிகழ்ந்ததை விரிக்கத் தேவையில்லை. வீ-2 ரொக்கெட்டுகள் மிற்றெல்பௌ-டோரா முகாமின் அடிமைக் கைதிகளால் நிலத்தடிச் சுரங்கங்களிற் கட்டப்பட்டன. யுத்தம் முடிந்ததும் வென்ற நாடுகள் யேர்மனியரின் ஆக்கவுரிமைகளைப் பொதுவாக்கிக்கொள்ள 1946இல் இலண்டனில் இணங்கின. சொத்துரிமை புனிதமானது எனப் பேசுவோரும், தோற்றவனின் சொத்தென்று வந்தபோது அப்புனிதத்தை ஒருபுறம் ஒதுக்கி வைத்தனர்.

இனி எமது நாட்டுடன் தொடர்புடைய ஒருவரைக் காண்போம். ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கையிற் குடியேறி 2008இல் கொழும்பிற் காலமானவர். பிரித்தானிய விமானப்படையில் ரேடார் அதிகாரியாயிருந்த காலத்தில், 1945 ஒக்டோபர் மாத 'வயர்லெஸ் வேர்ல்ட்' ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி பூமியோடு ஒத்த வேகத்திற் சுற்றும். ஆகவே தரையிலிருந்து நோக்குவோருக்கு அது அசையாது நிற்பதாகத் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்கள் உலகு முழுவதற்கும் வானொலி அலைகளை அஞ்சல் செய்யப் போதுமானவை என்றார். இச்சுற்றுப்பாதையை 1928 அளவில் பொட்டோச்னிக் என்ற பொறியியலாளர் தம் நூலில் முன்னரே விவரித்திருந்தார். அவர் மறு ஆண்டே வறுமையில் இறந்தார். செய்தித்தொடர்புக்கு அதைப் பயன்படுத்தும் திட்டத்தைத் தெளிவாக வகுத்தவர் கிளார்க்கே. கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்த ஊதியம் 15 பவுண். ஆக்கவுரிமை எதுவும் அவர் பெறவில்லை. ஓய்வு நேரத்திற் பெருங்கோடிகளைத் தவறவிட்டதாகப் பின்னாளில் அவரே வேடிக்கையாக எழுதினார். பெற்றிருந்தாலும் பயனிருந்திராது. பிரித்தானிய ஆக்கவுரிமையின் ஆயுள் அக்காலத்தில் 16 ஆண்டுகள். முதலாவது வணிகச் செய்மதி அப்பாதையை அடைந்ததோ 1965இல்.

அப்பாதைக்குச் செய்மதியை அனுப்புவது ஒரு காரியம். அங்கே அதன் முகம் கோணாது நிறுத்துவது வேறொரு காரியம். இங்கேதான் டொனால்ட் வில்லியம்ஸ் என்ற இளம் பொறியியலாளர் வருகிறார். அவர் ஹியூஸ் விமானக் கம்பனியில் ஹரோல்ட் றோசனுடன் பணியாற்றியவர். பம்பரம்போற் சுழலும் செய்மதி தன் அச்சை விட்டு எளிதில் விலகாது என்பது தெரிந்ததே. ஆனால் அந்த அச்சையே வேண்டிய திசைக்குத் திருப்புவது எப்படி? கனமான கருவிகளை ஏற்ற வழியில்லை. சுழற்சியின் குறித்த ஒரு கணத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, சிறிய வாயுத்தாரையைப் பீச்சினால் போதும். அச்சு சிறுகச் சிறுகத் திரும்பும் என்பது வில்லியம்ஸ் கண்ட வழி. சூரிய ஒளியை உணரும் கருவியொன்று செய்மதியின் நிலையைத் தரைக்கு அறிவிக்கும். தரையிலிருந்து கட்டளை செல்லும். 1963 யூலையில் ஏவப்பட்ட சின்கொம்-2 இம்முறையால் இயங்கிற்று. அடுத்த ஆண்டு சின்கொம்-3 தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளை அமெரிக்காவுக்குக் காட்டிற்று. அசையாச் செய்மதி என்பது அதுமுதல் கற்பனையன்று.

வில்லியம்ஸின் ஆக்கவுரிமை விண்ணப்பம் 1960இலேயே செய்யப்பட்டது. நாசாவை நிறுவிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 305ஆம் பிரிவு, அந்நிறுவனத்தின் ஒப்பந்த வேலையிற் பிறக்கும் ஆக்கங்கள் அரசுக்கே உரியவை என விதித்திருந்தது. அப்பிரிவைக் காட்டி நாசா உரிமை கோரிற்று. ஆக்கம் ஒப்பந்தத்துக்கு முந்தியது என்றது கம்பனி. இழுபறி 1972வரை நீடித்துக் கம்பனிக்குச் சாதகமாய் முடிந்தது. 1973 செப்டெம்பரில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1966இல், வில்லியம்ஸ் மறைந்துவிட்டார்.

உரிமை கையில் வந்ததும் கம்பனி அமெரிக்க அரசின்மீதே வழக்குத் தொடுத்தது. அரசு ஏவிய பிற செய்மதிகள் இம்முறையைப் பின்பற்றின என்பது குற்றச்சாட்டு. அச்செய்மதிகளிற் கணிப்பீட்டின் ஒரு பகுதி தரையில் நிகழாமல் செய்மதியிலிருந்த கணினியில் நிகழ்ந்தது. அவ்வேறுபாடு போதுமா என்று வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினர். 1983இல் மேன்முறையீட்டு மன்று, இரண்டும் ஒத்த செயலே எனக் கூறிற்று. 1994இல் ஏறத்தாழ 11 கோடியே 40 லட்சம் டொலர் இழப்பீடு தீர்க்கப்பட்டது. மேன்முறையீடுகள் ஓய்ந்தது 1999இல். அந்த வாயுத்தாரையின் துடிப்பைக் கண்டறிந்த மூளைக்கு இதில் ஒரு சதமும் சேரவில்லை. பணம் கொடுத்தது அரசு; எனவே வரியிறுத்த மக்கள். பெற்றது கம்பனி. ஆக்குவோனுக்கு ஊக்கமளிப்பதே ஆக்கவுரிமையின் நோக்கம் என்று நமக்குச் சொல்லப்படும்போதெல்லாம் இவ்வழக்கை நினைவிற்கொள்வது நன்று.

305ஆம் பிரிவின் பிற்கதையும் அறியத்தக்கது. பொதுப்பணத்திற் பிறந்தது பொதுச்சொத்து என்ற நியாயம் அதில் ஓரளவேனும் இருந்தது. விலக்களிக்கும் அதிகாரம் நாசாவின் தலைவருக்குத் தொடக்கத்திலேயே உண்டு. 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம் அரசு நிதியில் எழும் ஆக்கங்களைப் பல்கலைக்கழகங்களும் சிறு கம்பனிகளும் வைத்திருக்க இடமளித்தது. 1983இல் ஜனாதிபதி றேகன் அச்சலுகையைப் பெருங்கம்பனிகளுக்கும் விரித்தார். செலவு சமுதாயத்தினது, சொத்து தனியாருடையது என்ற ஏற்பாடு இவ்வாறு படிப்படியாக நிலைபெற்றது.

சோவியத் நாட்டில் வேறு முறை இருந்தது. ஆக்கத்தின் உரிமை அரசுக்கு. ஆக்கியோனுக்கு அவன் பெயர் பொறித்த சான்றிதழும் பரிசும். கொள்கையளவில் இது நமக்கு உவப்பானதே. நடைமுறையை நோக்கினால் உள்ளம் கனக்கின்றது. ஸ்புட்னிக்கையும் ககாரினையும் விண்ணுக்கு அனுப்பிய சேர்கே கொரொல்யோவ் 1938இற் பொய்க்குற்றஞ்சாட்டிச் சிறையிடப்பட்டவர். 1966இல் இறக்கும்வரை அவர் பெயரே உலகுக்கு மறைக்கப்பட்டிருந்தது. 'பிரதம வடிவமைப்பாளர்' என்பதற்குமேல் அவருடைய சொந்த நாட்டு மக்களுக்கும் எதுவும் தெரியாது. தனியார் சொத்தை ஒழித்தவிடத்தும் அறிவு பூட்டுக்குள் இருக்க முடியும் என்பதை முற்போக்காளராகிய நாம் மழுப்பாது ஒப்புக்கொள்ள வேண்டும்.

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, விண்ணை ஆராய்வதும் பயன்படுத்துவதும் மனிதகுலம் முழுவதற்குமான காரியம் என்றும், எந்நாடும் அதைத் தனதாக்கிக்கொள்ளல் ஆகாதென்றும் கூறிற்று. நிலநடுக்கோட்டு நாடுகள் சில இதனை ஏற்கத் தயங்கின. ரொக்கெட் உள்ளவனே முதலிற் சென்று நல்லிடத்தைப் பிடித்துக்கொள்வான். இல்லாதவனுக்குப் பொதுவுடைமை என்பது வெறும் சொல் என்பது அவற்றின் வாதம். கொலம்பியா, ஈக்குவடோர், பிரேசில், கொங்கோ, சயீர், உகண்டா, கென்யா, இந்தோனேசியா ஆகிய எட்டு நாடுகள் 1976 டிசெம்பரிற் பொகொட்டா நகரில் கூடித் தத்தம் தலைக்கு மேலுள்ள பாதைப் பகுதிக்கு உரிமை கொண்டாடின. பெருநாடுகள் அதை நகைத்து ஒதுக்கின. சட்டத்தின்படி அக்கோரிக்கை நிற்கவில்லை. ஆயின் அதன் பின்னிருந்த அச்சம் நியாயமற்றதன்று. 1990இல் அமெரிக்கா தன் ஆட்சிக்குட்பட்ட விண்கலங்களிற் செய்யப்படும் ஆக்கங்களுக்குத் தன் ஆக்கவுரிமைச் சட்டத்தை நீட்டிற்று. ஆகாயம் எவருக்கும் உரியதன்று; அங்கே செல்லும் பெட்டிக்குள் நிகழ்வதோ உரியவருக்கு உரியதாயிற்று.

பாதைகளையே சொத்தாக்கும் முயற்சியும் தொடர்ந்தது. 1997 டிசெம்பரில் ஏவப்பட்ட ஏசியாசற்-3 தவறான பாதையில் நின்றுவிட்டது. 1998 மே, யூன் மாதங்களில் ஹியூஸ் பொறியியலாளர் அதைச் சந்திரனைச் சுற்றி வரச்செய்து மீட்டனர். பாராட்டத்தக்க சாதனையே. பின்னர் அத்தகைய பயணவழிக்கு ஆக்கவுரிமையும் பெறப்பட்டது. சந்திரனின் ஈர்ப்பு கலத்தின் வழியைத் திருப்பும் என்பதை 1959இல் லூனா-3 காட்டியிருந்தது. 2008இல் ஏஎம்சி-14 என்ற செய்மதிக்கு இதே கதி நேர்ந்தபோது, மீட்பு முயற்சிக்கு இவ்வாக்கவுரிமையும் ஒரு தடையாயிருந்ததென அக்காலச் செய்திகள் கூறின. 2014இல் புளூ ஒரிஜின் கம்பனி, ரொக்கெட்டைக் கடலில் மிதக்கும் மேடையில் இறக்கும் முறைக்கு உரிமை பெற்றது. போட்டிக் கம்பனியான ஸ்பேஸ்எக்ஸ் அதனை எதிர்த்து, யப்பானிய ஆய்வாளர் 1998இலேயே இதை எழுதியிருந்தனர் எனக் காட்டிற்று. மறு ஆண்டே பெரும்பாலான கோரிக்கைகள் கைவிடப்பட்டன. ஸ்பேஸ்எக்ஸ் பொதுநலன் கருதி எதிர்த்ததென எவரும் எண்ணவேண்டாம். தாம் ஆக்கவுரிமை பெறாததன் காரணத்தை அதன் தலைவர் 2012இற் கூறினார்: வெளியிட்டால் சீனர் பார்த்துச் செய்துவிடுவர் என்பதாம். திறந்த மடல் என்ற பழைய உடன்படிக்கை இங்கே முற்றாகக் கைகழுவப்படுகிறது.

கருவியிலிருந்து கணிப்புக்கு உரிமை நீண்டபோது நிலைமை மேலும் சிக்கலாயிற்று. மின்சாரத்தை அளந்து பங்கிடும் மென்பொருள்களுக்கும் பல ஆக்கவுரிமைகள் வழங்கப்பட்டன. அகன்ற மின்வலையமைப்பின் பல இடங்களிலிருந்து அளவீடுகளைத் திரட்டி, அவற்றை உடனுக்குடன் ஆராய்ந்து திரையிற் காட்டும் முறைக்கு இலெக்ரிக் பவர் குறூப் என்னும் கம்பனி உரிமை வைத்திருந்தது. பகுதி பகுதியாக இயங்கும் மின்வலை எங்கே தளர்கிறது என்பதை முன்னரே அறிவது இருளில் மூழ்கும் நகரங்களுக்கு உயிர்நாடி. அக்கம்பனி அல்ஸ்ரொம் மீது தொடுத்த வழக்கில், 2016 ஓகஸ்ட்டில் அமெரிக்க மேன்முறையீட்டு மன்று, தகவலைத் திரட்டுவதும் ஆராய்வதும் காட்டுவதும் அருவமான எண்ணங்களே, சாதாரணக் கணினியில் அவற்றைச் செய்வதனால் மட்டும் ஆக்கமாகிவிடா என்று தீர்த்தது. அத்தீர்ப்புக்குப் பின் அத்தகைய விண்ணப்பங்கள் நின்றுவிடவில்லை. அதே கணிப்பை ஒரு கருவியின் உறுப்பாகத் தோன்றுமாறு எழுதும் கலையில் வழக்கறிஞர்கள் தேர்ச்சிபெற்று வருகின்றனர்.